இரண்டு அல்பேனியாவும் ஒன்றல்ல

‘ஐரோப்பாவின் அல்பேனியர்கள் காக்கசஸிலிருந்து குடியேறியவர்கள், அங்கே அல்பேனியா என்றொரு பழைய நாடு இருந்ததே சாட்சி’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. நாடு இருந்தது உண்மைதான். மற்றது கட்டுக்கதை.

அந்த நாடு, கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட காக்கசஸ் மலைப்பகுதியில், இன்றைய அஜர்பைஜானிலும் ரஷ்யாவைச் சேர்ந்த தாகெஸ்தானின் தெற்கிலும் பரவியிருந்தது. கபலா அதன் பழைய தலைநகர். பெயர்ப் பொருத்தத்தை வைத்து உறவு கொண்டாடினால், மொழி காட்டிக்கொடுத்துவிடும். எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடத்தில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே ஜார்ஜிய மொழியில் எழுதிய தோலேடுகள் இருந்தன. 1990களில் அடியிலிருந்த எழுத்தை அடையாளம் கண்டார்கள்: காக்கசஸ் அல்பேனிய மொழியில் யோவான் நற்செய்தியின் பகுதிகள்! அம்மொழி இன்றைய ஊதி மொழிக்கு மிக நெருக்கமானது. வடகிழக்குக் காக்கசஸ் குடும்பம். ஐரோப்பிய அல்பேனிய மொழியோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஊதி மக்கள் இன்றும் அஜர்பைஜானின் நிஜ் என்ற ஊரில் வாழ்கிறார்கள்.