எங்கே கிளிக் பண்ணினான் என்று யாருக்குத் தெரியும்?

முப்பது கணினிகளுக்கு ஒரேயொரு எழுத்துரு போட வேண்டும். அதற்கே என் சனிக்கிழமை முழுவதும் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே வினாத்தாள்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. யூனிகோட் வந்து இத்தனை வருடமாகியும் இந்த நிலை என்பது தனிக் கோபம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பத்துக் கணினிகளில் உபுண்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்று. கோப்பை எஸ்.எஸ்.எச். என்ற தொலை இணைப்பு வழியாக அனுப்பி, எழுத்துரு அடைவில் வைத்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டும் நாலு வரி ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு. தேத்தண்ணி ஆறமுதல் பத்தும் முடிந்தது.

மற்ற இருபதும் விண்டோஸ் 11 ஹோம். விலை குறைவென்று வாங்கியவை. எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து ஆளும் டொமைனில் ஹோமைச் சேர்க்க முடியாது, விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டரும் அதில் இல்லை. கட்டளைகளைத் தட்டி ஓட்டும் பவர்ஷெல் இருக்கிறது, 2006இலிருந்தே இருக்கிறது, அருமையான கருவி. ஒரு கட்டளை தரும் விடையை வெறும் எழுத்தாக இல்லாமல் பகுதி பகுதியாகப் பெயரிட்ட பொருளாகவே அடுத்ததற்குக் கொடுக்கும். லினக்ஸில் ஆக், செட் என்ற எழுத்துக் கருவிகளை வைத்து நறுக்குகிற வேலை இங்கே மிச்சம். ஆனால் தூரத்திலிருந்து கட்டளை ஓட்டும் வசதி சர்வரில் திறந்தே வருகிறது, சாதாரண விண்டோஸில் பூட்டி வருகிறது. ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கும் முதலில் அனுமதியை மாற்ற வேண்டும். எழுத்துருவை ஸ்கிரிப்டால் பிரதி பண்ணினால் மட்டும் போதாது, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் பதிய வேண்டும். ஒருக்காலாவது ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் போய் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இருந்தேன்.

இருந்தபோதுதான் வயிறு எரிந்தது. ஒன்றில் ஃபயர்வோல் நிறுத்திக் கிடக்கிறது. ஒன்றில் இணையப் பெயர்களைத் தேடிக் கொடுக்கும் டி.என்.எஸ். சேவையகத்தின் முகவரியை யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் நேர வலயமே வேறு. எனக்கு முன் இருந்தவர் எல்லாவற்றையும் மௌஸால் செய்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். எதை மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. ஸ்கிரிப்டில் செய்திருந்தால் அந்தக் கோப்பே சொல்லியிருக்கும்.

கிளிநொச்சிக் கிளைக்குத் தொலைபேசியில் வழி சொல்வது இதைவிடக் கொடுமை.

“செட்டிங்ஸ் திறந்திட்டன் அண்ணா.”

“இடப்பக்கம் நெட்வேர்க் எண்டு இருக்கா தங்கச்சி?”

“இடப்பக்கம் ஒண்டுமே இல்லையே.”

இருபது நிமிடம் இப்படியே போனது. சாளரத்தைச் சின்னதாக்கித் திறந்திருக்கிறா. சின்னதானால் அந்தப் பட்டியல் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். கடைசியில் வைபரில் ஒரு வரிக் கட்டளை அனுப்பி, பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து ஒட்டச் சொன்னேன். அரை நிமிடத்தில் சரி. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து செட்டிங்ஸ் ஒரு பக்கம், கொன்ரோல் பனல் இன்னொரு பக்கம். எது எங்கே இருக்கிறது என்று எத்தனை தடவைதான் மனப்பாடம் செய்வது?

லினக்ஸும் சுத்தமில்லை. வலையமைப்பை வரையறுக்கும் நெட்பிளான் கோப்பில் ஒரு இடைவெளி பிசகினாலே அமைப்பு ஏறாது. ஆனால் அங்கே ‘நெட்பிளான் ட்ரை’ என்று ஒன்று இருக்கிறது. 120 விநாடிக்குள் நாம் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். நிர்வாகி படுகிற பாடு தெரிந்தவன் செய்த வேலை அது.

நான் மௌஸுக்கு எதிரியில்லை. டிஸ்க் பிரிக்கும்போது படமாகப் பார்த்துத்தான் நானும் செய்வேன். கிளிக் பண்ணினதைக் கட்டளையாகக் காட்டு என்றுதான் கேட்கிறேன். ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஸ்மிட் என்ற மெனு, தான் ஓட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். 1990களிலேயே இருந்த வசதி. விண்டோஸ் சர்வர் 2012இல் பயனர் கணக்குகளை ஆளும் ஆக்டிவ் டைரக்டரி நிர்வாக மையத்தில் பயனர் ஒருவரைச் சேர்த்தால் அதற்கான பவர்ஷெல் வரியைக் கீழேயே பார்க்கலாம். செய்யத் தெரிந்திருக்கிறது! பிறகு ஏன் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் அது இல்லை? உபுண்டு செட்டிங்ஸில் ஏன் இல்லை?

இன்று காலை பொறுப்பாளர் வந்து, “தம்பி, ஏன் அந்தக் கறுப்புத் திரையோட மாரடிக்கிறீர்? மௌஸால செய்யலாம்தானே” என்றார். இருபது கணினிகளுக்கும் எழுதிய அட்டவணையை அவர் முன்னால் வைத்தேன். என்ன மாறியிருக்கிறது என்ற நிரல் நிறைந்திருந்தது. யார், எப்போது, ஏன் என்ற மூன்று நிரல்களும் மேலிருந்து கீழ்வரை வெறுமை.