வாதுமை இலையும் பவுசர் வரிசையும்

சிவந்து உதிர்ந்த வாதுமை இலைகளை முந்தநாள் படம் எடுத்துப் போட்டேன். ஊர் வறட்சியில் கிடக்க இதுவா ரசனை என்று அதற்குக் கீழே சிலர் கோபப்பட்டார்கள். "சனம் தண்ணிக்கு அலையுது, உனக்கு இலையில ரசனையோ?" என்று கேட்டவருக்கும் அதற்கு இதயம் போட்டவர்களுக்கும் ஒன்றுதான் கேட்கிறேன். இலையைப் பார்த்தவள் வறட்சியைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது?

நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆடி பிறக்கும்போதே எங்கள் கிணற்றில் அடிமணல் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவரும் லொறி, பவுசர், வரும் நாளில் அரைநாள் லீவு போட்டுவிட்டு கேனோடு நிற்கிறவள் நான். அந்தப் படமே பவுசர் வரிசையில் நின்று எடுத்ததுதான். சந்தி வாதுமையின் நிழலில்தான் எல்லோரும் நிற்கிறோம். காலடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலை. நான் கண்ணை மூடிக்கொண்டா நிற்கவேண்டும்?

"இது இலையுதிர்காலம் இல்லை, வெறும் வறட்சி" என்று இன்னொருவர் பாடம் எடுத்தார். வறட்சி இல்லையென்று நான் எங்கே சொன்னேன்? கனடாவில் இலையுதிர்காலத்தில் மேப்பிள் மரம் நிறம் மாறுவது பகல் குறுகி இரவு குளிர்வதால். இங்கே தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். நிலத்தில் ஈரம் குறைந்தால், இலைவழியே போகிற தண்ணீரை நிறுத்த மரம் இலையைக் கழிக்கிறது. பச்சையம் போனதும் மற்ற நிறங்கள் தெரிகின்றன. அங்கேயும் மழை பொய்த்த வருடத்தில் இலை நிறம் பிடிக்காமலே கருகி விழும். காரணம் வேறாக இருக்கலாம், நிறத்தை என் கண்ணால் பார்த்தேனே!

அம்மம்மா இருந்த காலத்தில் கச்சான் தொடங்கினால் முற்றம் கூட்டுவது என் வேலை. கூட்டின இலையை எரிக்க விடமாட்டா. தென்னையடியில் போடச் சொல்லுவா, ஈரம் நிற்கும் என்று. "மரம் தண்ணிய மிச்சம் புடிக்குது மனே, நீயும் புடி" என்பா. அரிசி கழுவின தண்ணிகூட முருங்கைக்குத்தான் போகும். வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் குளிர்ந்து மழை தரவேண்டும் என்று குளிர்த்தி பாடும்போது கண் கலங்கி நிற்பா. அதே மனுசிதான் சிவந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கி என் கையில் தந்தவ. அவவுக்கு வறட்சி தெரியாதா?

"இலையில ரசனையோ" என்று கேட்டவர் இருப்பது கனடாவில், ரொறொன்ரோவில். அண்ணன், போன ஒக்டோபரில் நீங்கள் பிள்ளைகளோடு மேப்பிளுக்குக் கீழே நின்ற படத்துக்கு முதலில் லைக் போட்டவள் நான். அப்போதும் இங்கே மழை இறங்கவில்லை. "ஊர் காயுது, உங்களுக்கு மேப்பிளோ" என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. உங்களுக்கு எங்களிடமிருந்து வெடித்த வயலும் வெறுங்குடமும் அழுகிற கிழவியும் மட்டும்தான் வரவேண்டுமா? அந்தப் படம் போட்டால் பகிர்வீர்கள். நாங்கள் ஒரு பின்னேரம், கச்சான் அடங்கிக் கடல்காற்று வந்த அரைமணி நேரம், நிம்மதியாக நின்றோம் என்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது. கஷ்டப்படுகிறவர்களுக்கு ரசனை கூடாது என்று எப்போது தீர்மானித்தீர்கள்?

"வெள்ளாமை செத்தவனுக்கு நோகாதா?" என்று படத்துக்குக் கீழே ஒருவர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சித்தப்பாவின் வயல் உன்னிச்சைக் குளத்து வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இந்தக் கோடைப் போகம் தண்ணீர் அதுவரை வரவில்லை, கதிர் பால் பிடிக்குமுன்னே காய்ந்துவிட்டது. பயந்து பயந்துதான் அவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார்.

"சந்தி மரமா புள்ள? நல்லாரிக்கு."

அவ்வளவுதான் சொன்னார். நொந்திருக்கவேண்டியவர் அவர்தான்.

படத்தை நான் எடுக்கப்போவதில்லை. நாளைக்குப் பவுசர் நாள். மரத்தில் இன்னும் கொஞ்சம் இலை இருக்கிறது. கேனோடு போனையும் கொண்டுதான் போவேன்.