பெயர் கடன், புளிப்பு சொந்தம்

"ருமேனியச் சாப்பாடு என்று தனியாக எதுவும் கிடையாது. பாதி துருக்கியரிடம் வாங்கியது, மீதி ஹங்கேரிக்காரரிடமும் ஸ்லாவியரிடமும் வாங்கியது." ருமேனியாவின் யாஷ் நகரத்தில் வேலை பார்த்த நாலு வருஷமும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் சொன்னால் விட்டுவிடலாம். ருமேனியர்களே கூச்சத்தோடு சொல்லும்போதுதான் மனசு கேட்காது.

பெயர்களை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். சூப்புக்குச் சொல்கிற 'சோர்பா' துருக்கிச் சொல். அரிசியும் பன்றிக் கொத்துக்கறியும் வைத்துப் புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டுகிற 'சர்மாலே'யும் அங்கிருந்து வந்ததே. 'சுற்று' என்று பொருள்படும் துருக்கி வினைதான் அதற்கு வேர். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்துக் கிண்டிக் குளிர்காலத்துக்காக அடைத்து வைக்கும் 'ஜகூஸ்கா' ஸ்லாவியச் சொல். ஆனால் பெயர் வந்த வழியிலேயே ருசியும் வந்துவிடுவதில்லை. ருமேனிய அடுப்படியின் ருசி புளிப்பு. அதுவும் தவிட்டுப் புளிப்பு.

அதற்குப் பெயர் போர்ஷ். உக்ரைனின் பீட்ரூட் சூப்பை நினைத்துவிடாதீர்கள். பெயர் என்னவோ ஸ்லாவியம்தான், ஆனால் ருமேனியாவில் போர்ஷ் என்றால் கோதுமைத் தவிட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் கலங்கலான நீர். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் பக்கத்து ஃப்ளாட்டில் இருந்த ஒரு பெரியம்மா. 'தாந்தி' என்று கூப்பிடுவேன், அங்கே அத்தை மாதிரி ஒரு முறை. பெரிய கண்ணாடி ஜாடியில் தவிடு, கொஞ்சம் மக்காச்சோள மாவு, புளிப்புச் செர்ரி மரத்தின் இலை நாலைந்து. அதன்மேல் சுடுநீர் ஊற்றுவார். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 'ஹுஷ்தே' சேர்ப்பார். போன முறை எடுத்த போர்ஷின் அடியில் தங்கிய தவிடுதான் ஹுஷ்தே. நம் வீட்டு உறைமோர் செய்கிற வேலையை அது செய்கிறது. தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவதும் அப்படியேதான். ஜாடியின் வாயில் ஒரு துணி கட்டி வெதுவெதுப்பான மூலையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும்.

இதைச் சூப்பில் எப்போது ஊற்றுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் புளிப்பில் காய் வேகாது. போர்ஷைத் தனியே கொதிக்கவைத்துக் கடைசியில் சேர்த்து, அடுப்பை அணைக்கும்போது லெவுஷ்தியான் தழையைத் தூவுவார் தாந்தி. செலரி போல இருக்கும், வாசம் அதைவிடக் கனமானது. யாஷ் இருக்கும், ருமேனியாவுக்குள்ளேயே உள்ள மோல்தோவா பகுதியில் அந்தச் சூப்பையே போர்ஷ் என்றுதான் சொல்கிறார்கள். சேர்க்கும் பொருளின் பெயர் குழம்புக்கே பெயராகிவிட்டது.

மற்ற பகுதிகளில் வேறு புளிப்புகளும் உண்டு: பழுக்காத சிறு பிளம், பச்சைத் திராட்சை, முட்டைக்கோஸ் ஊறிய உப்புநீர். டிரான்சில்வேனியாவில் வினிகரும் டாரகன் தழையும். கல்யாணத்தில் விடிய விடியக் குடித்து ஆடியவர்களுக்குக் கோழியின் உள்ளுறுப்புகளை வேகவைத்து, முட்டைக்கோஸ் ஊறிய உப்புநீர் ஊற்றிப் புளிப்பாக்கிய சூப் தருவார்கள். தலைவலி போய்விடும் என்று நம்பிக்கை.

இவ்வளவு வழி தெரிந்தவர்களைப் பார்த்துத்தான் 'சொந்தமாக ஒன்றுமில்லை' என்கிறார்கள்.

மமலிகா பற்றியும் சொல்ல வேண்டும். மக்காச்சோள மாவுக் களிதான் அது. இரும்புக் கொப்பரையில் கெட்டியாகக் கிண்டி, மரப்பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்துப் பரிமாறுவார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ருமேனிய மண்ணில் வேரூன்ற ஆரம்பித்தது. அதற்கு முன் பனிவரகுக் களி. அந்நாளில் மேலாதிக்கம் செய்த துருக்கியின் ஒட்டோமான் அரசுக்குக் கோதுமை போனது, மக்காச்சோளத்தை அவர்கள் கேட்கவில்லை, அதனால் விவசாயி வீட்டில் அது தங்கியது என்று சொல்வார்கள். இதை அழகான கிராமத்துக் கதையாக மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாலும் பாலாடைக்கட்டியும் வாங்க முடியாமல் வெறும் மமலிகாவையே தின்ற ஏழைகளுக்குச் சத்துக்குறைவால் வரும் பெலாக்ரா நோய் வந்தது; 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ருமேனியக் கிராமங்களை அது வாட்டியது. செம்மறிப் பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும் வைத்து நாம் இன்று ருசிக்கும் தட்டு, அந்த நாளில் பலருக்குக் கிடைக்காத தட்டு.

'மமலிகா வெடிக்காது' என்று அவர்களிடம் ஒரு பழமொழி. எதையும் பொறுத்துக்கொள்ளும் ஜனம் என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்வது. 1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, மமலிகா வெடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டு பசியின் காலம். வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவை ஏற்றுமதி செய்துவிட்டு, உள்ளூரில் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன். கடையில் மிஞ்சியது பன்றிக் கால்தான், அதற்கு மக்கள் வைத்த பெயர் 'அடிடாஸ்'. காபி என்று விற்ற கலவைக்குக் குதிரைக் கனைப்பை வைத்து 'நெகெசோல்' என்று பெயர். தாந்தி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்த வருஷங்களிலும் ஜாடியில் போர்ஷ் இருந்தது, தவிட்டுக்குப் பஞ்சம் வரவில்லை என்று சொல்லும்போது மட்டும் குரல் மாறும்.

அதனால்தான், 'பாரம்பரிய உணவு' என்று பலகை மாட்டி, எம்பிராய்டரிச் சட்டை போட்டவர்கள் பரிமாறும் சில உணவகங்களில் சிட்ரிக் அமிலம் போட்ட சூப்பைக் குடிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாக்கில் சுருக்கென்று குத்திவிட்டுப் போய்விடும். தவிட்டுப் புளிப்பு அப்படிக் குத்தாது. மெதுவாக ஏறி, தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும்.

குடிப்பதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பிளம் பழத்தைப் புளிக்கவைத்துச் செம்புக் கொதிகலனில் வடிக்கும் ட்சுயிகாவைச் சாப்பாட்டுக்கு முன் சின்னக் கிளாஸில் தருவார்கள். குளிர்காலத்தில் சர்க்கரையும் மிளகும் போட்டுச் சூடாக. எனக்கு அதே பிளம்மைச் சர்க்கரையே சேர்க்காமல் மணிக்கணக்காகச் சுண்டவைத்த மஜ்யூன்தான் பிடிக்கும். தொபொலொவேனி ஊரின் மஜ்யூனுக்கு 2011ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிட்டு நீருக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

யாஷ் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், உணவகத்துக்கு முன் காய்கறிச் சந்தைக்குப் போங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் கலங்கலாக ஏதோ வைத்து வயசான பெண்கள் விற்பார்கள். 'போர்ஷ் தே காசா' என்று கேளுங்கள், வீட்டுப் போர்ஷ் என்று அர்த்தம். பாட்டிலை மெதுவாகத் திறங்கள், பொங்கும்.