கைதட்டியவர்களிடம் ஒரு வார்த்தை

சனிக்கிழமை விழாவின் காணொளியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேச்சாளரின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. "ஜேர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளையின் திறமையைக் கண்டுபிடித்து அதற்கேற்ற பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள், உலகமே பின்பற்ற வேண்டிய புதுமை இது" என்று அவர் சொன்ன இடத்தில் மண்டபம் அதிரக் கைதட்டல். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குக் கை எழவில்லை. அவர் வெளியிலிருந்து வந்தவர், தெரியாமல் பேசியிருக்கலாம். கைதட்டியவர்கள் நாங்கள், இங்கே பிள்ளை வளர்க்கும் தமிழர்கள். நான்காம் வகுப்பில், தை மாதக் கடைசியில் பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று பள்ளியிலிருந்து வரும் அந்தப் பரிந்துரைக் காகிதத்தைக் கையில் வாங்கிவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவர்கள் நாங்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து வயதில் அவர்கள் அளப்பது பெரும்பாலும் பிள்ளையின் வீட்டைத்தான். இது என் வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை என்று நினைக்க வேண்டாம். ஒரே அளவு வாசிப்புத் திறன் உள்ள இரண்டு பிள்ளைகளில், படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைக்கே, பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பள்ளியான கிம்னாசியத்துக்கான பரிந்துரை எளிதாகக் கிடைக்கிறது என்பதை, நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் இக்லு ஆய்வு சுற்றுக்குச் சுற்று காட்டி வருகிறது. 2001 டிசம்பரில் பதினைந்து வயது மாணவர்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா ஆய்வின் முதல் முடிவுகள் வந்தபோது வாசிப்பில் 484 புள்ளிகளோடு சராசரிக்குக் கீழே நின்றது ஜேர்மனி. பெற்றோரின் நிலைமையும் பிள்ளையின் மதிப்பெண்ணும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்த நாடு அந்தப் பட்டியலில் வேறு இருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. 2006இல் ஐ.நா.வின் கல்வி உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் வேர்னோர் முன்யோஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வயதில் பிள்ளைகளைப் பிரிப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று சொன்னார். பலருக்கு அது பிடிக்கவில்லை.

புதுமை என்று சொன்னார் அல்லவா, அதற்கு வருகிறேன். இந்த மண்ணில் உண்மையான புதுமை பிறக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்வியாளர் ஃப்ரோபெல், சின்னப் பிள்ளைகளுக்காகத் தான் தொடங்கியதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று 1840இல் பெயர் வைத்தார். இன்று யாழ்ப்பாணத்துக் கிராமத்திலும் பாலர் பாடசாலை இருக்கிறதென்றால் அதன் வேரில் அந்த மனிதர் இருக்கிறார். ஆனால் 1851இல், அன்றைய ஜேர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா அதைத் தடை செய்தது. 1860இல் தடை நீங்கியபோது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1809இல் பிரஷ்யாவின் கல்விப் பொறுப்பில் இருந்த வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட், கிரேக்கம் படித்திருப்பது தச்சனுக்கும் வீணாகாது, மேசை செய்யத் தெரிவது அறிஞனுக்கும் வீணாகாது என்று எழுதினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் ஒரே பொதுக்கல்வி, தொழில் அதற்குப் பிறகு என்பது அவருடைய திட்டம். அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டுப் போனார். அவர் பெயரில் சிலைகளும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை அவர் சொன்னதற்கு நேர் எதிராகப் பிரிக்கப்படுகிறது.

அந்தப் பத்து வயது எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா? 1920 வரை, வசதியானவர்களின் பிள்ளைகள் கட்டணம் கட்டித் தனி ஆரம்பப் பள்ளிகளில் படித்து நேராகக் கிம்னாசியத்துக்குப் போனார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த வைமார் குடியரசின் 1920ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் நான்கு ஆண்டுகள் ஒரே பள்ளியில் உட்கார வைத்தது. அது பெரிய காரியம், கும்பிட வேண்டிய காரியம். ஆனால் கூடுதல் ஆண்டுகள் கேட்டவர்களுக்கும் ஒன்றுமே வேண்டாம் என்றவர்களுக்கும் இடையில் நடந்த அரசியல் பேரத்தில் வந்து நின்ற எண் அந்த நான்கு. பிள்ளைகளின் மனதை ஆராய்ந்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நூறு ஆண்டுக்கு முந்திய பேரத்துக்குத்தான் நாங்கள் சனிக்கிழமை கைதட்டினோம்.

அதற்குப் பிறகு யார் அந்த எண்ணில் கைவைத்தாலும் கை சுட்டது. 1947இல், போரில் வென்று ஜேர்மனியை ஆண்ட நேச நாடுகள் எல்லாருக்கும் ஒரே பொதுப்பள்ளி வேண்டும் என்று அறிவுறுத்தின. பேர்லின் எட்டு ஆண்டு என்று தொடங்கி மூன்றே ஆண்டில் ஆறாகக் குறைத்துக்கொண்டது. அந்த ஆறு இன்றும் பேர்லினிலும் பிராண்டன்பேர்க்கிலும் இருக்கிறது, அங்கே வானம் இடிந்து விழவில்லை. 1978இல் நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் வெவ்வேறு வகைப் பள்ளிகளை இணைக்கும் திட்டத்தை எதிர்த்து 36 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு எங்கள் ஹம்பேர்க். 2010 ஜூலை 18. ஆறு ஆண்டு ஆரம்பப் பள்ளிக்கு நகர சட்டமன்றத்தில் இருந்த எல்லாக் கட்சிகளும் ஆதரவு. ஆனால் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 2,76,000 பேர் வேண்டாம் என்றார்கள், 2,18,000 பேர் வேண்டும் என்றார்கள். எல்பே ஆற்றங்கரையின் வசதியான பகுதிகள் திரண்டு வந்து வாக்களித்தன. எந்தப் பிள்ளைகளுக்காக அந்தத் திட்டம் போடப்பட்டதோ, அவர்களின் பெற்றோரில் பலருக்கு வாக்கே இல்லை. கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இல்லாதவர்கள். நானும் அவர்களில் ஒருவன். அன்று இரவு வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத் தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்தேன். மகள் அடுத்த மாதம் நான்காம் வகுப்புக்குப் போக இருந்தாள்.

அந்தத் தையில் அவளுக்கும் காகிதம் வந்தது. ஆசிரியை எங்களை அழைத்திருந்தார். பிள்ளைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஜேர்மன் மொழி கடைக்கும் வேலைக்கும் காணும், அந்த மேசைக்குக் காணாது. மகளையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தோம். ஆசிரியை ஐந்து நிமிடம் பேசினார். மகள் எங்கள் பக்கம் திரும்பி, "நான் நல்ல பிள்ளையாம் அப்பா, கொஞ்சம் அமைதியாம்" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். நாலைந்து நாள் கழித்து அகராதியை வைத்துக்கொண்டு காகிதத்தை வாசித்தபோதுதான், கிம்னாசியத்துக்கான பரிந்துரை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கணக்கில் குறையில்லை. எழுத்தில் குறையில்லை. வகுப்பில் கை தூக்கிப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்தவன் நான். பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே மொழிபெயர்த்து, தாய் தகப்பன் நோகக் கூடாதென்று பாதியை விழுங்கியிருக்கிறாள். இதுவா திறமையைக் கண்டுபிடிப்பது?

அந்தப் பரிந்துரை வெறும் ஆலோசனைதான், பெற்றோர் விரும்பினால் கிம்னாசியத்தில் பதிந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. அலுவலகத் தாளில் வந்தால் கட்டளை என்று நினைக்கும் தலைமுறை நாங்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளையின் தாய் வழக்கறிஞர். அதே பரிந்துரையோடு பிள்ளையைக் கிம்னாசியத்தில் சேர்த்துவிட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை.

இனி வரப்போகும் பதில்களும் தெரியும். தொழிற்கல்வி எவ்வளவு சிறந்தது தெரியுமா என்பீர்கள். தெரியும். என் மருமகன் மின்பணியாளர், கிழமையில் சில நாள் நிறுவனத்தில் வேலை, சில நாள் தொழிற்பள்ளி என்று படித்து வந்தவன், என்னைவிட நன்றாக உழைக்கிறான். பதினாறு வயதில் அவனாகத் தேர்ந்தெடுத்தது அது. பத்து வயதில் யாரும் தேர்ந்து கொடுக்கவில்லை.

"உங்கள் மகளும் 2020இல் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் அபிட்டூர் எடுத்துவிட்டாளே, கதவு திறந்துதானே இருக்கிறது?" ஆம், எடுத்தாள். கிம்னாசியத்துக்குப் போகாத பிள்ளைகளுக்கான ஸ்டாட்டைல்ஷூலில் பதின்மூன்றாம் வகுப்பு வரை படித்து எடுத்தாள். "நான் அந்த அளவுக்கு இல்லை" என்ற எண்ணத்தை அத்தனை வருடமும் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்து எடுத்தாள். அவளோடு தமிழ் வகுப்பில் ஒன்றாக இருந்த இன்னொரு பிள்ளை அதே எண்ணத்தோடு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் தகப்பனும் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தார்.

"ஊரில், இலங்கையிலும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை இருந்ததுதானே?" இருந்தது. அதுவும் பிள்ளைகளைப் பிழிந்தது. ஆனால் சித்தியடையாத நான் அதே பள்ளியில், அதே வாங்கில் சாதாரண தரம் வரை படித்தேன்.

"இந்த நாட்டின் உப்பைத் தின்றுவிட்டு இப்படிப் பேசலாமா" என்று ஒருவர் ஏற்கெனவே தனிச்செய்தியில் கேட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருடம் இரவு வேலை செய்து வரி கட்டியிருக்கிறேன் ஐயா. இந்த நாட்டை நேசிப்பதால்தான் பேசுகிறேன். 2024இல் தொடங்கிய ஸ்டார்ட்சான்சன் திட்டத்தில் பின்தங்கிய 4,000 பள்ளிகளுக்குப் பத்து ஆண்டில் 2,000 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். அந்தப் பணம் போன பள்ளியிலும் நான்காம் வகுப்பில் அதே காகிதம் வரும், அதையும் சொல்கிறேன். பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் எந்தப் பள்ளி என்று 2012இல் பெற்றோர் கையில் கொடுத்த முடிவை இப்போது மறுபடி இறுக்கியிருக்கிறார்கள், அதையும் சொல்கிறேன்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் கொதிக்கிறோம். மதிப்பெண் இருந்தும் பல்கலைக்கழக வாசல் மூடப்பட்டது என்று ஐம்பது வருடமாகச் சொல்லி அழுகிறோம். என் அண்ணனுக்கு அது நடந்தது, அம்மா கடைசிவரை அதை மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாங்கள், எங்கள் பேரப்பிள்ளைகளின் முன்னால் பத்து வயதில் வாசலை ஒடுக்குவதைத் திறமை பார்ப்பது என்று ஒருவர் மேடையில் சொல்ல, எழுந்து நின்று கைதட்டினோம். முன் வரிசையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நடன உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

தங்கையின் மகனுக்கு வரும் தையில் காகிதம் வரும். அந்தக் குட்டிக் கதிரையில் நான் போய் உட்காரப் போகிறேன், மொழிபெயர்ப்பும் நானே. ஹம்பேர்க்கில் வேறு யாருக்காவது துணை வேண்டுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள்.