கேட்டதைக் காட்டாதவரிடம் ஏலம் கேட்காதீர்கள்

ஆன்லைன் ஏலத்தில் 1939-ஆம் வருட வெள்ளி ரூபாய் நாணயம் என்று நம்பி, ராயபுரத்துத் தம்பி ஒருவர் போலியை வாங்கிப் பணம் இழந்த விவகாரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏலம் விட்டவர் பெயரையோ பணம் இழந்த தம்பியின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. என்னை எழுத உட்கார வைத்தவை அதற்குக் கீழே வந்த கமெண்டுகள்தான். "பார்த்து வாங்கியிருக்கணும்." "பேராசை பெருநஷ்டம்." அப்புறம், "ராயபுரத்துப் பையனுக்கு எதுக்கு இந்த வேலை?" இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பார்த்து வாங்கியிருக்கணுமாம். எதைப் பார்த்து? அவருக்குக் காட்டியது இரண்டே படம், தலைப்பக்கம் ஒன்று, பூப்பக்கம் ஒன்று. விளிம்பின் படம் கேட்டார். "நாளைக்கு அனுப்புறேன் சார்." எடை கேட்டார். "கரெக்டா இருக்கும் சார்." வருடம் இருக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னார். பதில் இல்லை. போலியாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. ஆனால் ஏலம் முடியும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ நாலு பேர் வந்து விலையை ஏற்றினார்கள். அந்த நாலு பேரும் அதற்கு முன்பு எங்கேயும் எதையும் ஏலம் கேட்டதாக நான் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இன்னும் நூறு தடவை சொல்வேன்: கேட்டதைக் காட்டாதவரிடம் ஏலம் கேட்காதீர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ரூபாயில் 1938, 1939 இரண்டும் பழைய தரமான 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், எடை மட்டும் அதே 11.66 கிராம். 1939 வெள்ளி ரூபாய் கிடைப்பது அரிது, அதனால் அதன் விலை மற்ற வருடங்களைவிடப் பல மடங்கு. மோசடிக்காரர் என்ன செய்கிறார்? உண்மையான 1938 ரூபாயை எடுத்து, கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்கிவிடுகிறார். தம்பிக்கு வந்ததும் அதுதான்.

இப்போது "எடை போட்டுப் பார்த்திருக்கலாமே" என்று எழுதிய அறிவாளிகள் பதில் சொல்லட்டும். எடை சரி. வெள்ளியும் சரி. காந்தம் ஒட்டாது. சுண்டினால் கணீரென்று சத்தம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினால், நல்ல 91.7 சதவீத வெள்ளி ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 1.13 கிராம் காட்டும், அது நாணயம் ஒதுக்கும் தண்ணீரின் எடை. அதே எடையில் ஜெர்மன் சில்வரில் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) செய்த போலி 1.3-ஐத் தாண்டும். நல்ல சோதனை, வீட்டிலேயே செய்யலாம், எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நாணயம் அதிலும் தேறும்! ஏனென்றால் நாணயம் அசல், வருடம்தான் பொய். நகைக்கடை காரட் மீட்டரில் வைத்தாலும் வெள்ளி என்றுதான் சொல்லும். வருடத்தின் கடைசி எண்ணை லென்ஸில் பார்த்தால் மட்டுமே தெரியும்: சுற்றியிருக்கும் தளம் சுரண்டியது போல இருக்கும், மற்ற எண்களின் உயரமும் ஓரமும் இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தாது. தம்பி கேட்டதும் அந்தப் படத்தைத்தானே? கேட்டாரே! கொடுக்காதவரை விட்டுவிட்டுக் கேட்டவரைத் திட்டுகிறீர்கள்.

வார்ப்புப் போலிகளுக்கு விளிம்பு முக்கியம். அச்சில் வார்த்து எடுத்ததென்றால் விளிம்பைச் சுற்றி ஒட்டுப்போட்ட கோடு இருக்கும், அல்லது அதை அரத்தால் ராவி மறைத்த தடம் இருக்கும். விளிம்பில் உள்ள வரிகள் ஒழுங்காக ஓடாது. நாணயத்தின் பரப்பில் ஊசி குத்தியது போலத் துளைகள் தெரியும். விற்பவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் பலர் விளிம்பைக் காட்டுவதில்லை.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். 1985-ல் எரிந்துபோனதே, அந்தப் பழைய கட்டடம். அங்கே காசு விற்ற பாய் ஒருவர் இருந்தார். முதலில் நாணயத்தை நம் கையில் கொடுத்துவிடுவார், விலை அப்புறம்தான். "சுண்டிப் பாரு தம்பி, வெளிச்சத்துல காட்டிப் பாரு" என்பார். அப்பா ஒருமுறை 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றைப் பார்த்துத் தயங்கியபோது, "எடுத்துட்டுப் போங்க, நாலு பேர்கிட்ட காட்டுங்க, சந்தேகம்னா அடுத்த வாரம் திருப்பிக் குடுங்க" என்றார். ரசீது இல்லை, ரேட்டிங் இல்லை, ஐந்து நட்சத்திரம் இல்லை. அந்த ரூபாய் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பாய் செய்ததைச் செய்ய இன்றைய ஏலக்காரருக்கு ஒரு படமும் ஒரு வரி உறுதிமொழியும் போதும். அதைக்கூடச் செய்ய மனமில்லை.

"விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இருக்கட்டும். தெரியாமல் விற்றவர், தெரிந்ததும் பணத்தைத் திருப்பித் தருவார். இவர் பிளாக் செய்துவிட்டுப் போனார். இதற்கு மேல் அந்த வாதத்தில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"ஆன்லைனே வேண்டாம்" என்கிறார்கள் சிலர். நேரில் வாங்க வசதி இருப்பவர்கள் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. "அப்படியானால் சான்று அட்டையில் அடைத்த நாணயத்தை மட்டும் வாங்கட்டும்" என்பவர்களுக்கு: என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற நாணயச் சான்று நிறுவனங்களின் அட்டைகளையே போலியாகச் செய்கிறார்கள். அட்டையின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் இருக்கும் நாணயத்தோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். அட்டையைப் பார்த்து மட்டும் பணம் கட்டாதீர்கள். ஏலத் தளத்துக்கு வெளியே வந்து ஜிபே பண்ணச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். தம்பி அடித்துவிட்டார், அதற்கும் சேர்த்துத்தான் கேலி செய்கிறார்கள்.

அதே ஏலக்காரர் பக்கத்தில் "1818 கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் காசு, லட்சத்தில் விலை போகும்" என்றும் ஒன்று கிடக்கிறது.  ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 எல்லாம் பிற்காலத்தில் காசு போலச் செய்த வெறும் டோக்கன். சாமி படம் போட்டுக் கம்பெனி காசே அடிக்கவில்லை என்று சொல்லவில்லை. மதராஸில் பெருமாளும் இரண்டு தாயார்களும் நிற்கும் தங்க வராகன் அடித்தார்கள். அது வேறு, இது வேறு. பழைய காசு, நோட்டு விற்பதற்குத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. அப்படியும் இந்தப் பதிவுகளை யாரும் நீக்குவதில்லை. அங்கே யாரும் "பேராசை" என்று எழுதுவதும் இல்லை.

கடைசியாக அந்த ராயபுரம் கமெண்ட். எழுதியவர் படித்தவர், பெரிய சேகரிப்பாளர், பல கண்காட்சிகளில் நான் கைகுலுக்கியவர். ஐயா, தங்கசாலை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரன் ரூபாயும் காலணாவும் அச்சடித்தது எங்கள் வடசென்னைப் பக்கத்தில். அந்தச் சாலையில்தான் நாங்கள் பஸ் ஏறுகிறோம். காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காசு சேர்க்கிற பையன்களை எனக்குத் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியில் நாள் முழுக்க நிற்பார்கள். அவர்களுக்கு இது முதலீடு இல்லை. இந்த ஊருக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் ஒரு துண்டு தங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கு என்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள்? எந்தப் பின்கோடு வேண்டும்?

இதே மோசடி உங்கள் வட்டத்தில் ஒருவருக்கு நடந்திருந்தால் விற்றவரின் போட்டோவோடு பத்துப் பதிவு வந்திருக்கும். எங்கள் பையனுக்கு நடந்ததால் பழமொழி வருகிறது. இது எனக்கு வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

ஏலக் குழு அட்மின்களுக்கு: விளிம்புப் படம், எடை, வருடத்தின் கிட்டப்படம், போலியென்றால் முழுப் பணம் வாபஸ் என்ற எழுத்து. இந்த நான்கும் இல்லாத பதிவை ஏலத்துக்கு அனுமதிக்காதீர்கள். நான் இருக்கும் குழுக்கள் எல்லாவற்றிலும் இன்று இதைக் கேட்டிருக்கிறேன். மறுக்கும் குழுவில் நான் இருக்கப்போவதில்லை. தம்பியின் புகார் எண் என்னிடம் இருக்கிறது, அடுத்த வாரம் அவரோடு ஸ்டேஷனுக்கு நானும் போகிறேன். இதே ஏலக்காரரிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.