எக்ஸ்சேஞ்ச்னு சொல்லிப் பண்ணுத கூத்து

"பழைய வண்டியக் கொண்டாங்க அண்ணாச்சி, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்." பழசைக் குடுத்துப் புதுக் கார் எடுப்போம்னு நெல்லையில எந்த ஷோரூம் படியேறினாலும் மொத வார்த்தை இதான். என்னத்தவே பாத்துக்கிடுதாவ? வண்டியப் பாத்துக்கிடுவாவ. ஆர்சி புக்குல இருக்க ஒங்க பேரை மட்டும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ.

மாருதி 800-ஐ எடுத்துக்கிடுங்க. 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரியோட நின்ன வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர். கார்புரேட்டர் மாடல்னா காலையில சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடாக ஆகக் கொஞ்சங்கொஞ்சமா உள்ள தள்ளணும். ஒரேயடியாத் தள்ளினா பொக்குன்னு நின்னுரும். அந்தப் பக்குவம் அந்த வீட்டுக் கைக்குத்தான் தெரியும். அப்படி ஓட்டுன வண்டிய ஒருத்தன் விக்க வாரான்னா அவன் நெஞ்சு எப்படிக் கெடக்கும்? அந்த நேரம் பாத்துத்தான் விலையில கைய வைக்கான்.

இத்தனைக்கும் வச்சிருந்தாலும் செலவுதான். 15 வருசம் முடிஞ்சா 5 வருசத்துக்கு ஒருக்க எஃப்சி, அதான் ஓடத் தகுதின்னு வாங்குத சர்டிபிகேட். 2022 ஏப்ரல்ல 600 ரூவாயா இருந்த கட்டணத்தை 5,000 ஆக்கினாவ. 2025 ஆகஸ்ட்ல, 20 வருசம் தாண்டின காருக்கு 10,000-னு ஏத்தியாச்சு. பழைய வண்டிக்குப் போடுத கிரீன் டாக்ஸ் தனி. சரி, குடுத்துருவோம்னு கெளம்பினா இந்தக் கூத்து.

மதிப்புப் போடுத பையன் பெயின்ட் கனத்தை அளக்குத மீட்டரோட வருவான். கம்பெனி பெயின்ட் 100 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். 200-ஐத் தாண்டினா மறு பெயின்ட், 500-க்கு மேல போனா உள்ள பள்ளம் அடைச்ச பட்டி. சோதனையில தப்பில்ல. ஆனா கதவுல விழுந்த கீறலுக்கு அடிச்ச பெயின்டையும், வண்டிக்கு எலும்புக்கூடான சேஸிஸ் வரைக்கும் வாங்குன அடியையும் ஒண்ணாக்கி "ஆக்சிடென்ட் வண்டி"ன்னு எழுதுதான் பாருங்க, அங்ஙனதான் பத்திக்கிட்டு வருது. விலை சரியணும்னா இஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் உள்ள அப்ரான் தகடோ, கூரையத் தாங்குத பில்லரோ வெட்டி ஒட்டியிருக்கணும். பானட்டைத் தூக்கி, அப்ரான் ஓரத்துல கம்பெனி வச்ச ஸ்பாட் வெல்டிங் புள்ளி புள்ளியா அப்படியே இருக்கதக் காட்டுங்க. பேச்சு நின்னுரும்.

அடுத்த ஆயுதம் வெள்ளம். 2023 டிசம்பர்ல ஜங்ஷனே தண்ணிக்குள்ள நின்னுச்சுல்லா, அன்னைலேர்ந்து நெல்லையோட டிஎன் 72 நம்பரைப் பாத்தாலே "தண்ணியில நின்ன வண்டியா?"ன்னு ஒரு கேள்வி, கேட்ட கையோட பத்தாயிரம் கொறைப்பு. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டச் சொல்லுங்க. முங்குன வண்டின்னா அந்தக் கடைசி ஒரு முழத்துல சேத்துக்கறை இருக்கும். அதக் கழுவ யாருக்கும் தோணாது. சீட்டு நகருத தண்டவாளம், டிக்கியில ஸ்டெப்னி வைக்குத குழி, கார்ப்பெட்டுக்கு அடிப்பக்கம், இந்த மூணுலயும் துருவோ வண்டலோ இல்லேன்னா வெள்ளக்கதை செல்லாது. உவரி, ராதாபுரம் பக்கத்து வண்டிக்கு மட்டும் கதவு அடிவெளிம்பையும் ஜாக்கி வைக்குத எடத்தையும் பாக்கட்டும், உப்புக்காத்து அங்ஙனதான் மொதல்ல தின்னும்.

போனஸ் கணக்கு இன்னும் கேவலம். வெளிய பழைய வண்டி வாங்கி விக்குத கன்சல்டிங்ல 75,000-க்குக் கேக்குத வண்டின்னு வச்சுக்கிடுவோம். ஷோரூம்ல 45,000 போட்டு, "20,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் அண்ணாச்சி"ம்பான். மொத்தம் 65,000. புது வண்டிக்கு எல்லாருக்கும் குடுக்குத 10,000 தள்ளுபடிய சத்தமில்லாம அழிச்சிருப்பான். ஆக நமக்கு 20,000 நட்டம், அதுக்குப் பேரு போனஸ்! மொதல்ல பழைய வண்டியப் பத்தி வாயே தெறக்காம புது வண்டிக்கு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த ஆன்-ரோடு விலைய எழுதி வாங்குங்க. அதுக்குப் பொறவு பழசை எடுங்க.

"இன்னும் 20,000 போட்டா அடுத்த வேரியன்ட்"ங்கான், இதுக்கும் மயங்காதீங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 5 முதல் 10 லட்சம் வரைக்கும் சாலை வரி 13 சதவீதம், அதத் தாண்டி 20 லட்சம் வரைக்கும் 18. 9,90,000 வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ஆச்சுன்னா 1,81,800. வரியில மட்டும் 53,100 கூட. அதுக்கு மேல டிசிஎஸ்னு டீலர் முன்கூட்டியே பிடிக்குத 1 சதவீதம். அது வருமான வரியில திரும்பும், ஆனா இப்போ கையிலேர்ந்துதான போவுது. இந்த 20,000 ரூவா கடைசியில 80,000-க்கு மேல போய் நிக்கும்.

ஹேண்ட்லிங் சார்ஜ்னு பில்லுல ஒண்ணு போட்டிருந்தா அதை எடுக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

என்சிபிய, அதான் இன்சூரன்ஸ்ல உள்ள நோ கிளைம் போனஸை, எவனும் வாயத் தெறந்து சொல்லவே மாட்டான். அஞ்சு வருசம் கிளைம் இல்லாம ஓட்டுனவங்களுக்கு நம்ம வண்டிச் சேதத்துக்குக் கட்டுத ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 சதவீதம் கழிவு. அது வண்டிக்கு உள்ளதில்ல, ஆளுக்கு உள்ளது. பழைய வண்டிய வித்த ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில என்சிபி ரிசர்விங் லெட்டர் வாங்குனா மூணு வருசம் செல்லும். புது வண்டிக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000 வருதுன்னா 10,000 மிச்சம். ஷோரூம்ல போடுத பாலிசியில இது பூஜ்யம்னு இருக்கும், நாமளும் சாவி வாங்குத சந்தோசத்துல கையெழுத்துப் போட்டுருவோம்.

இப்போ ஆர்சி. பேரு மாத்துததுக்குள்ள ஃபார்ம் 29 ரெண்டு காப்பி, ஃபார்ம் 30, எல்லாத்துலயும் வெறுங்கையெழுத்து வாங்கிக்கிடுவான். "வாங்குத பார்ட்டி வந்ததும் நெரப்பிக்கிடுதோம்." அந்தப் பார்ட்டி வர ஆறு மாசம் ஆகும். ஒரு கன்சல்டிங்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போவும், அங்ஙனேர்ந்து வேறொருத்தன் கைக்குப் போவும், பேரு மட்டும் நகராது. சட்டப்படி விக்கவன் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும், வாங்குதவன் 30 நாளுக்குள்ள மாத்திக்கிடணும். மாத்தலேன்னா? மூன்றடைப்புப் பக்கம் நாலுவழிச் சாலையில அந்த வண்டி ஒருத்தன் மேல ஏறினாலும், ரேசன் அரிசி மூட்டையோட மாட்டினாலும், சம்மன் வாரது ஆர்சில உள்ள பேருக்கு. கைமாறியாச்சு, பேரு மாறலேன்னா நஷ்டஈடு பதிவுல உள்ளவர் தலையிலதான்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே சொல்லியாச்சு.

2023 ஏப்ரல்லேர்ந்து இதுக்கு வழியும் இருக்கு. ஆர்டிஓ அங்கீகாரம் வாங்குன டீலர்னா ஃபார்ம் 29சி போட்டு வண்டிய ஒப்படைக்கலாம், அந்த நிமிசத்துலேர்ந்து பொறுப்பு அவன் தலையில. "29சி போடுவீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு முழிப்பான். முழிச்சான்னா பேரு மாறுத வரைக்கும் அவனுக்குக் குடுக்க வேண்டியதுல பத்தாயிரத்தைப் பிடிச்சு வையுங்க. டெலிவரி நோட்டுல தேதி, மணி, ஓடுன கிலோமீட்டர், வாங்குதவன் கையெழுத்து, ஆதார் காப்பி எல்லாம் வேணும். வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

சவம், ஒண்ணு விட்டுப்போச்சு. ஃபாஸ்டேக்கை பிளேடு வச்சுச் சுரண்டி எடுத்து, பேங்குல சொல்லி மூடுங்க. கண்ணாடியில ஸ்டிக்கர் இருந்தா அவன் போகுத தூரத்துக்கெல்லாம் காசு ஒங்களது. புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கிட்டு நிக்கும்போது போன் டிங்குன்னு அடிக்கும். எடுத்துப் பாத்தா நாங்குநேரி டோல்கேட்டு. நம்ம பழைய வண்டி, எவனோ ஓட்ட, நம்ம காசுல தெக்காமப் போய்க்கிட்டு இருக்கும்.