மேட்ச் நாளில் சாப்பிடப் போனது குற்றமா?

ஒரு பழைய பங்களாவைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தவர்களுக்கே அதன் அருமை தெரியவில்லை என்றால், யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் பிரிட்டிஷ் காலத்து வீடுகள் மிஞ்சியிருப்பதே கொஞ்சம். முகப்பில் மரச்சட்டம் போட்ட கூர்மையான 'மங்கி டாப்' கூரை, மங்களூர் ஓடு, உயரமான கூரை, சிவப்பு ஆக்சைடு தரை. வரிசையாக இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். அதில் ஒன்றைக் காப்பாற்றி, கிரிக்கெட்டை மையமாக வைத்து மைக்ரோ ப்ரூவரி, அதாவது அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் கடை, ஆக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். கட்டடம் பிழைத்தால் போதும், உள்ளே பீர் விற்றால் என்ன? ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்படிக் கட்டடம் என்றால் உயிர்.

சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிமென்ட் பூசலடா, சுண்ணாம்புதான். விவரம் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்" என்றார். நியாயமான பாராட்டு. பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரித்துவிடும். அவ்வளவு தெரிந்து செய்தவர்கள், அதே சுவரில் டிரில் போட்டு ஆளுயர டிவிகளை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மேஜைக்கு மேலே போல்ட்டைச் சுற்றிப் பூச்சு பொரிந்து, வெள்ளைப் பொடி தட்டிலேயே விழுந்துகிடந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றை இன்னொரு டிவி முழுசாக மறைத்துவிட்டது. வயிறு எரிந்தது.

அன்றைக்கு ஐபிஎல். மேஜை புக் பண்ணும்போது அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வாசலில் நிற்கும்போதுதான், ஆளுக்கு இவ்வளவு மினிமம் பில் என்கிறார்கள். ஏழரைக்கு மேட்ச் ஆரம்பித்ததும் எல்லா அறையிலும் ஸ்பீக்கர் அலறியது. திரைச்சீலை இல்லை, கம்பளம் இல்லை. வழவழப்பான தரையும் வெறும் சுவரும் உயரக் கூரையும் சத்தத்தை உள்வாங்குமா? எல்லாம் திரும்பி நம் மண்டையில்தான் விழுந்தது. அப்பா காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவே முடியவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால், "மேட்ச் சார்" என்பதுதான் பதில்.

சரி, கிரிக்கெட் பார்க்க வந்தவனுக்காவது ஒழுங்காகச் செய்தார்களா? ஹாலில் டிஷ் கனெக்‌ஷன், எங்கள் அறையில் ஆன்லைன் ஸ்ட்ரீமிங். ஸ்ட்ரீமிங் பல விநாடி பின்தங்கித்தான் வரும். இங்கே பவுலர் ஓடிவரும்போதே ஹாலில் "அவுட்!" என்று கத்துகிறார்கள். கடைசி ஓவர் வரைக்கும் இதே கதை. கிரிக்கெட் பெயரைச் சொல்லிக் கடை நடத்துபவர்களுக்கு எல்லா டிவியையும் ஒரே கனெக்‌ஷனில் மாட்டத் தெரியாதா?

மெனு கேட்டால், "இன்னைக்கு மேட்ச் மெனு மட்டும்தான்." எல்லாம் எண்ணெயில் பொரித்தது. எழுபதைத் தாண்டிய மனுஷனுக்குக் கொஞ்சம் சாதம் கிடையாதாம். ஹெஃபவைசன் என்ற கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். அது ஈஸ்ட் கொடுக்கும் வாசனை, அதற்காகத்தான் அதைக் குடிப்பதே. அதை ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தால் வாசனை எங்கே இருக்கும்?

கடைசியில் பில். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன் மேலும் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மேனேஜரிடம் சொன்னால், "எங்க பாலிசி சார், எல்லாரும் கொடுக்கறாங்க" என்கிறார். எல்லாரும் கொடுப்பது, சட்டம் தெரியாததாலும் குடும்பத்தோடு வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று விடுவதாலும்தானே? கவுன்டரில் நின்று வாதாடினேன். அப்பா பக்கத்தில் கால் வலியோடு நின்றார், ஒரு நாற்காலி போட ஆள் இல்லை. மூக்கால் அழுதபடிதான் அந்தத் தொகையைப் பில்லிலிருந்து நீக்கினார்கள்.

மேட்ச் நாள் என்றால் புக் பண்ணும்போதே சொல்லுங்கள். ஒரே ஒரு அறையிலாவது ஸ்பீக்கரை அணையுங்கள். டிவியைச் சுவரில் அறையாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சர்வீஸ் சார்ஜை நான் கேட்காமலே பில்லிலிருந்து நீக்குங்கள். எனக்கு நீக்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன், வாபஸ் வாங்கப் போவதில்லை.